வீடோரின் டொக்காட்டா: பெடல் இல்லாம வாசிக்கலாமா?

நாசரேத் கீபோர்டு:
அண்ணாச்சிமாரே, தை மாசம் அக்கா மகளுக்கு எங்க கோயில்ல கல்யாணம். ஜோடி வெளிய வரும்போது பிரெஞ்சு இசையமைப்பாளர் வீடோரோட ஐந்தாம் ஆர்கன் சிம்பொனியில கடைசியா வருத, விரல் ஓட்டம் நிறைஞ்ச டொக்காட்டாவ வாசிக்கச் சொல்லுதா. கைல இருக்கது 61 கட்டை கீபோர்டு. நடக்குமா?

பாளை ஆர்கன் பிரியன்:
தம்பி, அதுல உயிரே பெடல்லதான், அதாவது ஆர்கன்ல காலால அமுக்குத கட்டைலதான் இருக்கு. வலது கையில ஓடுத பொடிச்சுரம் மினுக்கம் மட்டும். கால்ல வருத நீளச் சுரம்தான் மெட்டு. இன்னொரு கீபோர்டுல 16 அடி ஒலி (ஒரு ஸ்தாயி கீழ கேக்குத ஆர்கன் ஒலி) வச்சு, ஒரு ஆள் பாஸ, அதான் அந்தக் கீழ்ச்சுரத்த மட்டும் பிடிக்கட்டும். வேகம் வேண்டவே வேண்டாம். 1932ல, 88 வயசுல, பாரிஸ் சென் சுல்பீஸ் கோயில்ல வீடோரே வாசிச்ச பதிவு இருக்கு, கேளு. எவ்வளவு நிதானம்! 1870லருந்து 1933 வர அவர் வாசிச்ச இடம் அது. அங்க இருக்கது 1862ல கவாயே-கோல் கட்டுன ஆர்கன். அவ்வளவு பெரிய கட்டடத்துல எதிரொலி அடங்க நேரம் வேணும்லா.

சாயர்புரம் டெனர்:
நடுவுல சத்தம் அடங்கி மறுபடி ஏறும், வால்யூம் பெடல மறக்காத. முழுசும் அஞ்சாறு நிமிசம் வரும்; ஜோடி வாசல் தாண்டினாலும் நிறுத்தாத தம்பி.

நாசரேத் கீபோர்டு:
சரி அண்ணாச்சி. பாஸுக்கு மச்சானக் கேக்கேன்.