சமஸ்கிருதமும் மங்கோலியமும் உறவு மொழிகளா?

மயூர்விகார் வாசகி (தில்லி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் இங்கே பள்ளியில் மூன்றாம் மொழியாகச் சமஸ்கிருதம் படிக்கிறான். எங்கள் மேல்தளத்தில் குடியிருக்கும் மங்கோலிய மாணவி, தம் மொழியில் கோள்களின் பெயர்களை அவனுக்குச் சொன்னார். செவ்வாய் அங்கரக், புதன் புத், வியாழன் பர்ஹஸ்பத், வெள்ளி சுகர், சனி சன்சிர். அங்காரகன் முதல் சனைச்சரன் வரை எல்லாம் அவன் பாடநூலில் உள்ள பெயர்கள்தாம். அன்றிலிருந்து இரண்டு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சாதிக்கிறான். இது சரியா? சமஸ்கிருதம் தெரிந்தவர்களுக்கு மங்கோலியம் எளிதில் வருமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

லோதி சாலை எழுதியது:

அம்மா, உங்கள் மகனின் காது கூர்மையானது. அவன் கேட்டதில் பிழையில்லை, முடிவில்தான் பிழை. கோள்களின் பெயர்கள் சோதிடத்தோடும் பௌத்தத்தோடும் பயணம் செய்பவை. இரண்டு மொழிகள் உறவா என்று பார்க்க, யாரும் எளிதில் கடன் வாங்காத சொற்களிடம் போக வேண்டும். சமஸ்கிருதத்தின் த்வி, த்ரி என்பவற்றுக்கு இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் உடன்பிறப்புகள் உண்டு. மங்கோலியத்தில் இரண்டு ஹொயொர், மூன்று குரவ். தந்தை எத்ஸெக், கை கர், நீர் உஸ். பிதா, ஹஸ்தம், உதகம் ஆகியவற்றோடு இவற்றை எந்த ஒலிமாற்ற விதியாலும் இணைக்க முடியாது. சமஸ்கிருதம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், மங்கோலியம் மங்கோலியக் குடும்பம். அக்குடும்பத்தைத் துருக்கிய மொழிகளோடு சேர்க்கலாமா என்பதிலேயே அறிஞர்களிடையே நெடுங்கால வழக்கு இருக்கிறது.

இன்னொன்றையும் பையனிடம் சொல்லுங்கள். மங்கோலியத்தில் புத்தகத்துக்கு நொம் என்று பெயர். அச்சொல் கிரேக்கத்தின் நோமோஸ் என்பதிலிருந்து சோக்தியம், உய்குர் என்ற நடு ஆசிய மொழிகளின் வழியாக வந்தது. அதைக் கொண்டு மங்கோலியரைக் கிரேக்கரின் உறவினர் என்று எவரும் சொல்வதில்லை.

முனீர்க்கா எழுதியது:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் தமிழர்களுக்கு இதில் தனிச் சுவை ஒன்று இருக்கிறது. ரகரம் நம் மொழியில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ரத்னத்தை இரத்தினம் என்றும் ரிஷியை இருடி என்றும் ஆக்கிக்கொண்டோம். மங்கோலியத்தின் சொந்தச் சொற்களும் ரகரத்தில் தொடங்குவதில்லை. அங்கே ரத்னம் எர்தென் ஆயிற்று, ரிஷி அர்ஷ் ஆயிற்று. இடையில் நின்று கைமாற்றிக் கொடுத்த உய்குர் மொழிக்கும் அதே இயல்பு உண்டு. வடசொல் வந்தால் அதைத் தன் எழுத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வழக்கத்துக்குத் தொல்காப்பியமே இடம் வகுத்திருக்கிறது. நம் இலக்கணத்தார் தற்பவம் என்று பெயரிட்ட அதே நிகழ்வு, கோபிப் பாலைக்கு அப்பாலும் நடந்திருக்கிறது.

இலக்கணத்துக்கு வந்தால் இந்த ஒப்புமை இன்னும் நெருங்குகிறது. நொம் புத்தகம், நொமூத் புத்தகங்கள், நொமூதாஸ் புத்தகங்களிலிருந்து. பெயர், பன்மை, வேற்றுமை மூன்றும் நம் மொழியில் போலவே தனித்தனி உருபாக ஒன்றன்பின் ஒன்று நிற்கின்றன. சமஸ்கிருதத்தில் ஒருமை புஸ்தகாத், பன்மை புஸ்தகேப்ய: என்று எண்ணும் வேற்றுமையும் ஒரே ஈற்றில் கலந்துவிடும், அந்தப் பன்மை வடிவம் நான்காம் வேற்றுமைக்கும் அதுவேதான். சமஸ்கிருதத்தின் மூன்று பால்களும் இருமையும் மங்கோலியத்தில் இல்லை. இர்ஸென் ஹுன் என்றால் வந்த மனிதன். நம் பெயரெச்சம் போல அந்த இர்ஸென் எந்தப் பெயரின் முன்னும் மாறாமல் நிற்கும். சமஸ்கிருதத்தின் ஆகத: என்பதோ தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப வடிவம் மாற்றியாக வேண்டும். இதைக் கொண்டு தமிழும் மங்கோலியமும் உறவு என்று கிளம்பிவிட வேண்டாம். ஒட்டுநிலை அமைப்பு உலகில் தொடர்பே இல்லாத பல மொழிகளில் உண்டு.

கரோல்பாக் எழுதியது:

சொற்கள் போன வழியையும் சேர்த்துப் பார்த்தால் பையனுக்குச் சுவாரசியம் கூடும். உய்குர் பௌத்தர்கள் வழியாக வந்தது முதல் அடுக்கு. 1578இல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான் திபெத்திய குருவுக்குத் தலாய் லாமா என்ற பட்டத்தைச் சூட்டிய பின் பெருகியது திபெத்திய அடுக்கு. வஜ்ரம் பழைய வழியில் ஒச்சிர் என்றும், திபெத்திய உச்சரிப்பின் வழியில் பஸர் என்றும் இரண்டு முறை மங்கோலியத்துக்குள் வந்தது. புகழ்பெற்ற துறவியும் சிற்பியுமான ஸனபஸரின் பெயர் ஞானவஜ்ரம் என்பதேயாகும். அவர் 1686இல் உருவாக்கிய சொயொம்போ எழுத்து இந்திய எழுத்து முறையைத் தழுவியது. அதன் பெயரும் ஸ்வயம்பு என்பதிலிருந்து வந்தது. அதற்கு முன்பே 1587இல், சமஸ்கிருத, திபெத்திய ஒலிகளைப் பிழையின்றி எழுதுவதற்கென்று ஆயுஷ் என்ற அறிஞர் மங்கோலிய எழுத்தோடு காலிக் எழுத்துகளைச் சேர்த்திருந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. தண்டியின் சமஸ்கிருத அணியிலக்கண நூலான காவியாதர்சம் திபெத்தியம் வழியாக மங்கோலிய மொழிக்குப் போய், அங்குள்ள கவிதை இலக்கணத்துக்கு அடிப்படை நூலாயிற்று. நாம் தண்டியலங்காரமாகப் படிப்பதும் அந்த நூலின் வழிவந்ததே. ஆனாலும் மங்கோலியக் கவிஞர்கள் அடிகளின் முதல் ஒலியை ஒன்றச் செய்யும் தங்கள் பழைய மரபைக் கைவிடவில்லை. நம் அடிமோனையை அறிந்தவர்கள் அதைக் கேட்டால் உடனே அடையாளம் காண்பார்கள்.

மயூர்விகார் வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எர்தெனும் இரத்தினமும் அவனை வெகுவாகக் கவர்ந்துவிட்டன. மாணவியிடம் மங்கோலியம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். எங்கிருந்து தொடங்கலாம்?

முனீர்க்கா எழுதியது:

மங்கோலிய நாட்டில் 1940களிலிருந்து சிரிலிக் எழுத்தே பெருவழக்கு என்பதால் அதையே முதலில் படிக்கட்டும். மேலிருந்து கீழாக எழுதும் பழைய எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சமஸ்கிருதம் அவனுக்குச் சமயச் சொற்களிலும் ஆட்பெயர்களிலும் துணைவரும். வாக்கியம் அமைக்கும்போது தமிழில் நினைப்பதே நல்லது. வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் வரும். அவனுக்குப் புதிதாக இருக்கப்போவது உயிரொலிகளின் இசைவு. நொம் என்பதற்கு நொமோஸ், கெர் என்ற வீட்டுக்குக் கெரேஸ், அஹ் என்ற அண்ணனுக்கு அஹாஸ் என்று, ஐந்தாம் வேற்றுமை உருபே சொல்லின் உயிரைப் பார்த்துத் தன் உயிரை மாற்றிக்கொள்ளும். இந்த மூன்றையும் அந்த மாணவியைச் சொல்லச் சொல்லி முதல் நாளே காதில் வாங்கிக்கொள்ளட்டும்.