சூழல் தாக்க ஈவா, சூழற்கேட்டெண்ணா?

முதல் மடல்
அனைவருக்கும் வணக்கம். மாடித்தோட்டக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பூச்சிமருந்துகளை ஒப்பிட 1992-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 'என்விரான்மென்டல் இம்பாக்ட் கோஷன்ட்' என்ற எண்ணுக்குத் தமிழ் வேண்டும். தெளிப்பவர், உண்பவர், பிற உயிர்கள் என மூன்று கூறுகளைக் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். 'சூழல் தாக்க ஈவு' பொருந்துமா?

மறுமொழி
பொருந்தும். ஐ.க்யூ.வுக்கு 'நுண்ணறிவு ஈவு' முன்பே வழங்குகிறது. ஆனால் கடல், தானை சேர்ந்தால் கடற்றானை. அதுபோல 'சூழற்றாக்க ஈவு' என்றே எழுத வேண்டும்.

மறுமொழி
ஐயா, 'சூழற்றாக்க' என்று பார்த்தால் கத்தரிக்குப் புழு விழுந்து தவிப்பவர் அந்தப் பக்கத்தையே தாண்டிவிடுவார். தாக்கம் நல்லதாகவும் இருக்கலாம். இந்த எண் சொல்வது கேட்டை மட்டுமே. 'சூழற்கேட்டெண்' என்போம்.

மறுமொழி
கேட்டுக்கு மட்டும் புணர்ச்சி, தாக்கத்துக்கு இல்லையா? 'ஈவு' அழகான சொல். ஈ, தா, கொடு மூன்றில் 'ஈ' இழிந்தோன் கூற்று என்பது தொல்காப்பியம். இரப்போன் கேட்ட சொல்லே பின்னர்க் கொடைக்கும் பங்குக்கும் வகுத்தலின் விடைக்கும் பெயராயிற்று…

மறுமொழி
வேர்ச்சொல் ஆய்வைத் தனி இழையில் தொடரலாம். கேட்டெண் வேண்டாம் என்பதற்குக் கணக்கிலேயே காரணம் உண்டு. பத்து லிட்டர் தண்ணீருக்கு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியின் 17.8 சதவீதக் கரைசல் (எஸ்.எல்.) 3 மி.லி. கலந்தால் அதிலுள்ள மூல மருந்து ஏறத்தாழ அரை கிராம். அதன் ஈவு 36.7, பெருக்கினால் 20-ஐ ஒட்டி வரும். நனையும் கந்தகம் 80 சதவீதத் தூள் 20 கிராம் என்றால் மூல மருந்து 16 கிராம், ஈவு 32.7, பெருக்கினால் 523. ஒன்று அசுவினிக்கு, மற்றது சாம்பல் நோய்க்கு என்பது இருக்கட்டும். எண்ணை மட்டும் பார்ப்பவர் கந்தகமே பெருங்கேடு என்பார். பூவின் மகரந்தத்திலும் தேனிலும் ஏறித் தேனீயைக் கொல்வது இமிடாகுளோபிரிட். திறந்தவெளிப் பயிர்களில் அதை 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. தேனீக்கான மதிப்பெண் சராசரியில் கரைகிறது. மிச்சத்தையும் தெளிக்கும் மருந்தின் சிறிய அளவு மறைத்துவிடுகிறது. கேட்டையே அளப்பதாகப் பெயர் சொல்லக் கூடாது.

இன்னொன்று, சொல் இரண்டு வேண்டும்: மருந்துக்கே உரிய எண்ணுக்கு ஒன்று, செறிவு, அளவு, தெளிப்பு எண்ணிக்கை மூன்றாலும் பெருக்கி வருவதற்கு மற்றொன்று.

மறுமொழி
அப்படியானால் முன்னது 'சூழல் தாக்க ஈவு', பின்னது 'பயன்பாட்டு ஈவு'. கந்தகக் கணக்கை அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன்.

மறுமொழி
பெருக்கி வருவதை ஈவு என்பது எனக்கு உடன்பாடில்லை. 'பயன்பாட்டுக் கேட்டெண்' என்பதே என் பரிந்துரை, பதிவு செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி
சூழற்றாக்கம்.