பாவம் பார்த்து எடுத்த பையன்

கோவை கணக்கர்:
எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் ஆறு பேர். இரண்டு வருடம் முன்பு, தெரிந்தவர் சொல்லி ஆட்டிசம் உள்ள ஒரு பையனைச் சேர்த்தோம். பி.காம். படித்தவன். பாவம் பார்த்துத்தான் எடுத்தேன், மறைப்பானேன்.

ஜி.எஸ்.டி. வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். 14ஆம் தேதி 2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வரும், 20ஆம் தேதிக்குள் 3பி (மாத வரிக் கணக்கு) போட வேண்டும். நடுவில் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை வரி வரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு நூல் மில் கணக்கில் ஒரு பில் 2பியில் வரவே இல்லை என்று மூன்று மாதமாக சப்ளையரை விரட்டிக்கொண்டிருந்தோம். இவன் உட்கார்ந்த இரண்டாம் நாளே, அது ரிஜிஸ்டரில் ஏற்கெனவே ஒரு தடவை ஏறிய பில்தான் என்றான். ஒன்றில் பில் எண்ணுக்கு நடுவே சாய்கோடு, இன்னொன்றில் படுக்கைக்கோடு. அவ்வளவுதான் வித்தியாசம். மில்லில் அதற்கு இரண்டாவது செக் தயாராகிக்கொண்டிருந்தது.

மில் முதலாளியே நேரில் வந்தார். "என்ன தம்பி, மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"இல்லைங்க, பதினோரு தப்பு இருக்கு."

அன்றிலிருந்து பார்ட்டியிடம் பேசுவது நான் மட்டும்தான்.

"கொஞ்சம் பார்த்து முடிச்சிடு" என்றால் அவனுக்கு ஓடாது. எந்த ஃபைல், என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்குள் என்று தாளில் எழுதிக் கொடுக்கப் பழகினேன். அப்புறம் மற்றவர்களும் தாள் கேட்க ஆரம்பித்தார்கள். "நீங்க அப்படிச் சொல்லலையே சார்" என்ற சண்டை பாதியாகக் குறைந்தது.

சோழிங்கநல்லூர்வாசி:
நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஜெர்மன் சாஃப்ட்வேர் கம்பெனியான சாப் (SAP) 2013இல் ஆட்டிசம் உள்ளவர்களை உலகம் முழுக்க எடுப்போம் என்று அறிவித்ததற்கு முன்பே, இந்தியாவில் சிலரை டெஸ்டிங்குக்கு எடுத்துப் பார்த்திருந்தது. கூட்டு சேர்ந்தது டென்மார்க்கின் ஸ்பெஷலிஸ்டெர்ன என்ற நிறுவனம். ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா 2004இல் தொடங்கியது. அங்கே இன்டர்வியூ கேள்விகளை நம்பாமல், லெகோ ரோபோவைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். எங்கள் கம்பெனியில் இன்னும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்"தான். முகம் பார்த்துப் பேசவில்லை என்று ஒருவரைக் கழித்துவிட்ட பேனலில் நானும் இருந்தேன். எழுத்துத் தேர்வில் அவர்தான் முதல்.

திருப்பூர் மெர்சண்டைசர்:
எல்லோரும் எண்ணில் புலி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு டிஸ்லெக்சியா, எழுத்தைப் படிப்பதில் சிரமம். பையர் (துணி வாங்கும் கம்பெனி) அனுப்பும் மெயிலைப் படிக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரமாகும். ஆனால் சாம்பிளைக் கையில் வாங்கினால் எங்கே தையல் இழுக்கும் என்று சொல்லிவிடுவேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் வருகிறது. இருந்தும் ஆபீஸில் மூச்சு விட்டதில்லை. கணக்கர் அண்ணா, உங்கள் தாள் எனக்கு ஆகாது. வாய்ஸ் மெசேஜாகப் போடுங்கள்.