காம்போ, ஸ்டாமினா: வெள்ளிக்கிழமைக்குள் தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

அதிரடி விளையாட்டு ஒன்றின் பயிற்சிப் பகுதியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்புக் கோப்பை ஒப்படைக்க வேண்டும். மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்தது, இரண்டு சொற்கள் மட்டும் நிற்கின்றன: காம்போ (எதிரிக்கு இடம் கொடுக்காமல் அடுத்தடுத்து விழும் அடிகள்), ஸ்டாமினா (அடிக்கவும் ஓடவும் செலவாகி, பிறகு ஏறும் ஆற்றல்). பாடத்தின் உயிரான வாக்கியத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன: "காம்போவை முடிக்கும் அளவுக்கு ஸ்டாமினா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு முதல் அடியை எடு." ஏற்கெனவே விளையாடுகிறவருக்கு இப்படியே விட்டாலும் புரியும். புதிதாக வருபவருக்கு இரண்டுமே ஒன்றும் சொல்லாது. முன்பு வேலை பார்த்தவர் காம்போவுக்குத் 'தொடர் தாக்குதல்' என்று போட்டிருக்கிறார். பட்டனில் அது அடங்கவில்லை, எட்டு எழுத்துக்குள் வேண்டும்.

செ.

---

செ. அவர்களுக்கு,

'தொடை' இருக்க வேறு சொல் தேடுவானேன்? தொடு என்னும் வேரிலிருந்து கிளைத்தவைதாம் தொடர், தொடுப்பு, தொடலை, தொடை எல்லாம். பூவைத் தொடுத்தால் தொடை, அம்பைத் தொடுத்தாலும் தொடை. செய்யுளில் அடியோடு அடியை இணைப்பதும் அதுவே. அடி யாப்பிலும் உண்டு, சண்டையிலும் உண்டு. மேலும் அந்தாதித்தொடையைப் பாருங்கள். ஒன்றின் அந்தம் அடுத்ததன் ஆதி. ஓர் அடியின் முடிவிலேயே அடுத்த அடி பிறக்கும் உத்திக்கு இதைவிடத் துல்லியமான பெயர் உண்டா?

நா.

---

நா. ஐயாவுக்கு வணக்கம். வேர் சரி, ஆனால் பட்டனில் 'தொடை' என்று இருந்தால் பதினைந்து வயதுப் பிள்ளை காலைத்தான் நினைக்கும்.

அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்து அடித்தால் மட்டும் காம்போ ஆகிவிடாது. அடிபட்டவன் ஒரு கணம் உறைந்து நிற்பான். அப்போது அவனால் தடுக்கவும் முடியாது, விலகவும் முடியாது. அந்த உறைவு தீருமுன் அடுத்த அடி விழுந்தால்தான் காம்போ. தீர்ந்த பிறகு விழுந்தால் அது புது அடி, எதிரி தடுக்கத் தவறினான் என்பதோடு சரி.

சண்டை விளையாட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படம்) ஓடுகின்றன. ஒவ்வோர் அடிக்கும் மூன்று கட்டம் உண்டு: கை கிளம்புவது, படுவது, திரும்புவது. என் அடி பட்டவன் 18 சட்டகம் உறைகிறான், என் கை திரும்ப 12 ஆகிறது, அடுத்த அடி கிளம்ப 4 ஆகிறது என்று வையுங்கள். மிஞ்சுவது 2 சட்டகம், நொடியில் முப்பதில் ஒரு பங்கு. அதற்குள் விரல் அழுந்த வேண்டும். பயிற்சி என்பதெல்லாம் அந்த இடுக்குக்காகத்தான். இந்த வகைக்கு அந்தாதி அழகாகவே பொருந்தும், முதல் அடி முழுதாக முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஆனால் 'கேன்சல்' என்று இன்னொரு வகை உண்டு. கை திரும்பும் அந்த 12 சட்டகத்தை வெட்டிவிட்டு நேரே அடுத்த அடிக்குத் தாவுவது. அங்கே அந்தமே இல்லை, ஆதிதான் இருக்கிறது. அதை 'ரத்து' என்று எழுதாதீர்கள். அடி ரத்தாவதில்லை, அதன் வால்தான் போகிறது.

ஆகவே சொல்லுக்குள் விடாமை இருக்க வேண்டும். விடாத அடி, 'விடாவடி'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், நடுவில் வகர உடம்படுமெய். இலக்கணத்துக்கும் குறையில்லை, நான்கே எழுத்து.

இ.

---

விடாவடி 'அடாவடி' போல ஒலிக்கிறதே. எனக்குக் 'கோர்வை' பிடித்திருக்கிறது. மிருதங்கத்திலும் நடனத்திலும் கோர்வை என்றால் கணக்குப் போட்டுக் கட்டி, குறித்த இடத்தில் வந்து விழும் சொற்கட்டு. ஒரு மாத்திரை தப்பினாலும் கோர்வை போயிற்று. இ. சொல்லும் சட்டகக் கணக்கும் இதே கணக்குத்தான். வாழும் சொல்லை எடுத்துக்கொள்வோமே.

மு.

---

மு. அவர்களே, கோர்வை பிழை. கோத்தல் என்பதே வினை, அதன் பெயர் கோவை. நடுவில் ரகரம் நுழைந்தது பேச்சின் கைவேலை. கோத்தான் என்பதைக் கோர்த்தான் என்றும், காத்திருந்தான் என்பதைக் கார்த்திருந்தான் என்றுமா எழுதுவோம்?

நா.

---

ஐயா, கார்த்திருந்தான் என்று யாரும் சொல்வதில்லை. கோர்வை என்று கலைஞர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். வழக்குக்கு இடம் கொடுக்காத இலக்கணம் நம்முடையது அல்ல. கோவை என்று எழுதினால் ஊரும் கொடியும்தான் நினைவுக்கு வரும்.

மு.

---

ஒரு கிளைச் செய்தி. மு. 'மாத்திரை' என்றதும் தோன்றியது: சட்டகத்தையே மாத்திரை என்றால் என்ன? கண்ணிமைப்பும் கைநொடிப்பும்தானே அதற்கு நம் முன்னோர் வைத்த அளவு. ஒற்றுக்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் என்று பின்னம்வரை போயிருக்கிறார்கள்.

த.

---

த. அக்கா, கணக்கு உதைக்கிறது. கண்ணிமைப்பு ஒன்றுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் 6 சட்டகம் ஓடிவிடும். மகரக்குறுக்கம்கூட ஒன்றரைச் சட்டகம் ஆகிவிடுகிறது. சட்டகமே இருக்கட்டும்.

கிளைச் செய்திக்கு இன்னொரு கிளை. காம்போ யாரும் திட்டமிட்டுப் படைத்ததல்ல. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை விளையாட்டு உருவானபோது, காரை உடைக்கும் கட்டத்தில் பிழை தேடிக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனாமிசு, அடிகளுக்கிடையே இன்னோர் அடி நுழைவதைக் கவனித்தார். எல்லாராலும் அந்த நேரத்தைப் பிடிக்க முடியாது என்று எண்ணி, மறைந்த அம்சமாக விட்டுவைத்தார். 1993இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2தான் அடிகளை எண்ணித் திரையில் காட்டியது. ஆடுகிறவர்கள் பிழையிலிருந்து வளர்த்தெடுத்த கலை இது. அதற்குப் பெயர் வைக்கும்போது அவர்கள் வாயில் நுழைவதாக வைப்போம்.

இ.

---

ஸ்டாமினாவை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். நாளை மறுநாள் வெள்ளி.

செ.

---

'தாங்குதிறன்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

மு.

---

தாங்குதிறன் பாதிதான் சரி. டார்க் சோல்ஸ் விளையாட்டில் (2011) ஸ்டாமினாவைக் காட்டும் பச்சைப் பட்டை கேடயத்தில் அடி வாங்கினால் குறைகிறது, அதுவரை தாங்குதல்தான். ஆனால் வாளை வீசினாலும், உருண்டாலும், ஓடினாலும் அதேதான் குறைகிறது. அதாவது நாம் செலவழிக்கும் கைமுதல். கேடயத்தைத் தூக்கியபடியே நின்றால் மெதுவாகத்தான் ஏறும். அதனால் தேர்ந்தவர்கள் அடிக்கும் அடிக்கும் நடுவில் கேடயத்தை இறக்குவார்கள், புதியவர் பயந்துபோய் தூக்கியே வைத்திருப்பார். காம்போவின் கடைசி அடிக்கும் சேர்த்துப் பட்டையைக் காலி செய்தவர், எதிரி திரும்பி வீசும்போது உருள வழியில்லாமல் நிற்பார். நான்கடிக்கு இடமிருந்தால் மூன்றோடு நிறுத்தி, ஓர் உருளலுக்கு மிச்சம் வைப்பதே பழக்கம். 'தாங்கு' என்ற சொல் இதைச் சொல்லாது. தாங்குதிறனைச் செகிரோ (2019) போன்றவற்றில் அடிபட அடிபட நிலைகுலைவதைக் காட்டும் பட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை 'மூச்சு'. மான்ஸ்டர் ஹண்டரில் பட்டை தீர்ந்தால் வேட்டைக்காரர் நின்று மூச்சு வாங்குகிறார். நியோவில் (2017) அதன் பெயரே 'கி'. அந்த ஜப்பானியச் சொல்லுக்குக் காற்று, மூச்சு, உயிர்ப்பு எல்லாம் பொருள். அடித்து முடித்ததும் உடலைச் சுற்றி நீல ஒளி கூடும் கணத்தில் பட்டனை அழுத்தினால் செலவானதில் ஒரு பங்கு திரும்புகிறது. மூச்சை இழுத்துப் பிடிப்பது போலவேதான்.

இ.

---

மூச்சு அழகுதான், ஆனால் நான் செய்யும் விளையாட்டில் நீருக்கடியில் ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே உண்மையான மூச்சுக்குத் தனிப் பட்டை. மான்ஸ்டர் ஹண்டர் ட்ரையில் (2009) இருப்பது போல இரண்டும் ஒரே திரையில் வரும். குழப்பம்.

செ.

---

ஸ்டாமினாவுக்குப் பேச்சில் உள்ள 'திராணி' வடசொல்வழி வந்தது, 'தம்' அயற்சொல். 'உரன்' என்று வள்ளுவர் சொல் நமக்கு உண்டு. ஸ்டாமினா மேலாண்மைக்கோ அதிகாரமே இருக்கிறது: வலியறிதல். தம் வலி அறியாமல் ஊக்கத்தால் எழுந்து 'இடைக்கண் முரிந்தார்' பலர் என்கிறாரே, காம்போ நடுவில் பட்டை தீர்ந்தவனுக்கு வேறென்ன பெயர்?

நா.

---

இடைக்கண் முரிதல் அருமை ஐயா, பயிற்சிப் பாடத்தின் தலைப்பாக வைக்கச் செ.யைக் கேட்கிறேன். ஆனால் 'வலி' என்றால் இன்று நோவு. பட்டையில் எழுதினால் அடிபட்ட கணக்கு என்று நினைப்பார்கள். 'தெம்பு' போதுமே. தெம்பு தீர்ந்தது, தெம்பு ஏறுகிறது, தெம்பை மிச்சம் வை. யாருக்கும் விளக்க வேண்டாம்.

த.

---

கோப்பை அனுப்பிவிட்டேன். தெம்புக்கு நா. ஐயா தவிர எல்லாரும் சம்மதம், அதையே போட்டேன். காம்போவுக்குக் கைதூக்கியவர்களில் பெரும்பான்மை, 'தொடர் தாக்குதல்' சுருங்கிய 'தொடரடி'. வினைத்தொகை, முக்காலமும் அடங்கும், படித்ததும் புரியும். கேன்சலுக்கு 'வெட்டு'. இந்த இழையை இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

செ.

---

தெம்பை விட்டுக்கொடுக்கிறேன். தொடையை அல்ல. என் வகுப்பில் அப்படியே எழுதுவேன்.

நா.

---

செ. அண்ணா, முடிக்குமுன் பயிற்சித் திரையை ஒருமுறை பாருங்கள். மூன்று அடி தொடர்ந்து விழுகிறது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் உறைவு தீர்ந்துவிட்டது, அடிகளைக் காட்டும் எண் 1 என்றே நிற்கிறது. பக்கத்தில் 'தொடரடி: 1' என்று இருந்தால், தொடர்ந்துதானே அடித்தேன் என்று கேட்பார்களா மாட்டார்களா? அடுத்த பதிப்புக்கு விடாவடியை மறுபடி கொண்டுவருவேன்.

இ.