‘எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?’ – மங்கோலியாவில் வண்டி மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

தெற்குக்காற்று:

2018 ஜூலை, கோபி பாலைவனம். தலன்சத்கத் ஊர் தாண்டினதும் தார் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ஒரே திசையில ஏழெட்டு டயர்த் தடம், எதுல போனாலும் சரிதானாம். நாங்க நாலு பேர், மொழிபெயர்க்க ஒரு கல்லூரிப் பொண்ணு, ஐம்பது வயசு டிரைவர், அப்புறம் அந்தச் சாம்பல் நிற ரஷ்ய ஃபுர்கோன் வேன். போனவங்களுக்கு வண்டியைப் பத்தி விளக்க வேண்டாம்.

கோங்கோரின் எல்ஸ் மணல்மேட்டுக்குப் போறோம். இடுப்பு கழண்டுடும் போல குலுக்கல். ‘இன்னும் எத்தனை மணி நேரம்னு கேளும்மா’ன்னேன். அவ கேட்கல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அரை மணி கழிச்சு மறுபடி சொன்னேன். ‘அப்படிக் கேட்கக் கூடாது சார்’ன்னா. எனக்குக் கோவம். காசு கொடுத்து வந்திருக்கோம், நேரம் கேட்டா தப்பா? மூணாவது தடவை நானே டிரைவர் தோளைத் தட்டி வாட்ச்சைக் காட்டினேன்.

அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். ஒரு சிகரெட்டை முழுசாப் பிடிச்சு முடிச்சுட்டு வந்து ஏறினார். இருபது நிமிஷம் ஓடியிருக்கும். விக்கல் மாதிரி நாலு இழுப்பு, நின்னுடுச்சு.

இன்ஜின் மூடி முன்சீட் ரெண்டுக்கும் நடுவிலதானே. அதைத் தூக்கினதும் வண்டிக்குள்ள அனல். எங்க குடிதண்ணியை வாங்கி, ஒரு பழைய பனியனை நனைச்சு, பெட்ரோல் பம்ப்பு மேல சுத்தினார். ஏர்லாக்காம். புஸ்ஸுன்னு ஆவி. பனியன் காய்ஞ்சா மறுபடி தண்ணி. மொத்தம் மூணு பாட்டில் போச்சு. ஒவ்வொரு தடவை ஊத்தும்போதும் என்னையே பார்த்தார். கோவமாப் பார்த்திருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன். விருந்தாளி வீட்டுக் குழந்தை நம்ம கண்ணாடி டம்ளரை உடைச்சா ஒரு பார்வை பார்ப்போமே, அந்த மாதிரி.

வேற யாருக்காவது ஆயிருக்கா?

மறுகரை:

அது ஏர்லாக் இல்ல, வேப்பர் லாக். ஏர்லாக் டீசல் வண்டி சமாசாரம். இது கார்பரேட்டர் இன்ஜின். சூட்டுல பெட்ரோல் வழியிலேயே ஆவியாயிடும், பம்ப் வெறும் ஆவியை இழுத்துக்கிட்டு இருக்கும். 1965-ல வந்த வண்டி, இன்னிக்கும் பெரிசா மாறல. கோபி ஜூலை வெயிலுக்கு அது நிக்காம என்ன செய்யும்? உங்க கேள்வியால நின்னுச்சுன்னு மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஆனா நேரம் கேட்கிறதை அங்க டிரைவர்கள் அபசகுனமா நினைக்கிறது நிஜம். எனக்கும் முதல் நாளே சொல்லிட்டாங்க.

என்னுது 2014. பயன்ஹோங்கோர் தாண்டி அல்தாய் போற வழி, அதே ரக வண்டி. பெட்ரோல் முள் வேலை செய்யாது. ரெண்டாவது டாங்க்ல இருக்குன்னு டிரைவர் நினைச்சார், அதுவும் காலி. மூணு மணி நேரம் ஒரு வண்டி வரல. 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல உள்ள நாடு, இன்னிக்கே சனம் 35 லட்சம்தான், அதுல கிட்டத்தட்ட பாதி தலைநகர் உலான்பாத்தர்ல இருக்கு. யார் வருவா?

அப்புறம் தூரத்துல ஒரு தூசிப் புள்ளி. பைக். ஆடு மேய்க்கிறவர், பின்சீட்டுல ஒரு செம்மறிக் குட்டியைக் கட்டியிருந்தார். டிரைவர்கிட்ட ரெண்டே வார்த்தை. உடனே தன் டாங்க்ல டியூபை விட்டு, வாயால உறிஞ்சி, துப்பிட்டு, எங்க ரெண்டு லிட்டர் பாட்டிலை நிரப்பினார். இரண்டாவது பாட்டில் பாதியில காத்துதான் வந்துச்சு. பணம் நீட்டினேன், தள்ளிவிட்டார். வாய் கொப்பளிக்கத் தண்ணி மட்டும் வாங்கிக்கிட்டார். நாங்க கிளம்பினப்புறம் திரும்பிப் பார்த்தேன். கிக்கரை உதைச்சுக்கிட்டிருந்தார். ஒரு உதை, ரெண்டு, மூணு. அதுக்குள்ள எங்க வண்டித் தூசியே அவரை மறைச்சுடுச்சு. ஸ்டார்ட் ஆச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

கல்தூண்:

நான் போனது 2016, மோரோன் பக்கம். ஆற்றின் நடுவில் நின்றுவிட்டோம், ஒரு ரஷ்ய லாரி வந்து இழுத்துவிட்டது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் மேலே இருவர் சொன்னதிலும் தயாரிப்புக் குறை இருக்கிறது. பெட்ரோல் முள் வேலை செய்யாத வண்டியில் ஏறியதே தவறு. ஏறிவிட்டால், ஒவ்வொரு சும் (வட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு) ஊரிலும் பங்க் கண்ணில் பட்டதும் டாங்க்கை நிரப்ப வேண்டும், பாதி இருந்தாலும் சரி. ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். டியூபும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் தனியாக. தண்ணீரில் குடிக்க ஒரு கேன், இன்ஜினுக்கு ஒரு கேன். தெற்குக்காற்று இதைச் செய்திருந்தால் மூன்று பாட்டிலை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். ஊர் தாண்டினால் போனில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஆறு வந்தால் டிரைவர் முதலில் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். எங்கள் ஆள் நடக்கவில்லை. ஆழம் முழங்காலைத் தாண்டினால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது, இல்லையென்றால் ஃபேன் தண்ணீரை வாரி இன்ஜின் முழுக்க அடிக்கும், தீப்பொறி போய்விடும். தலைநகரம் முழுக்க ஜப்பானிலிருந்து வந்த பழைய பிரியஸ் கார்தான் ஓடுகிறது, உள்ளூர்க்காரர்கள் அதையே புல்வெளியிலும் ஓட்டுகிறார்கள். அதைப் பார்த்து நீங்களும் வாடகைக்கு எடுத்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் பச்சையாகத் தெரியும் பள்ளத்தில் வண்டியை இறக்கவே கூடாது. சகுனம் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன்: வழியில் ஓவூ என்னும் புனிதக் கற்குவியலை வலமாக மூன்று சுற்று சுற்றினீர்களா? நேரமில்லாதவர்கள் மூன்று தடவை ஹாரனாவது அடிப்பார்கள்.

இன்னொன்று. மறுகரை, அந்த பைக் கிளம்பும் வரை நின்றிருக்க வேண்டாமா?

உப்புத்தேநீர்:

கல்தூண் அண்ணா, பச்சைப் பள்ளத்தைப் பற்றி 2019-ல சொல்லியிருக்கலாம் :) அர்ஹங்காய்ல, தரியாத் பக்கம், அதே பள்ளத்துலதான் நாங்க இறங்கினோம். அச்சு வரைக்கும் சேறு. ராத்திரி ஒன்பது மணி, மழை. தூரத்துல ஒரு கேர் கூடாரத்தோட புகைக்குழாய் தெரிஞ்சுது.

நடந்து போனோம். நாய் குரைக்க ஆரம்பிச்சதும் எங்க டிரைவர் ‘நொகோய் ஹோர்!’னு கத்தினார். நாயைப் பிடிங்கன்னு அர்த்தமாம், அங்க கதவைத் தட்டுறதுக்குப் பதில் இதுதான். உள்ள ஒரு பாட்டி, அவங்க மருமகள், மூணு குழந்தைங்க. யார் எவர்னு ஒரு கேள்வி இல்ல. உப்புப் போட்ட பால் தேநீர் வந்துச்சு, எனக்குப் பிடிச்சுது. அடுத்து பெரிய கிண்ணம் நிறைய ஐராக், புளிச்ச குதிரைப் பால். வலது கையால வாங்கினேன், அது வரைக்கும் ஒழுங்கு. வாசனை மூக்குல ஏறினதும் வயிறு புரண்டுச்சு. குடிக்கிற மாதிரி உதட்டை நனைச்சுட்டு, எல்லாரும் டிரைவர் கதையைக் கேட்டுச் சிரிக்கிற நேரம் பார்த்து, பின்னால தொங்கின துணிக்கு அந்தப் பக்கம் மெதுவா சாய்ச்சேன். நிமிர்ந்தா பாட்டி என்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க. ஒண்ணும் சொல்லல. கிண்ணத்தை வாங்கி, தேநீர் ஊத்திக் கொடுத்தாங்க.

காலையில அக்கம்பக்கத்து ஆளுங்க வந்து வண்டியை இழுத்துவிட்டாங்க. கிளம்பும்போது பாட்டி ஒரு வாளிப் பாலோட வெளியே வந்தாங்க. ஒன்பது குழி வெட்டின மரக்கரண்டியால மொண்டு, எங்க வண்டிக்குப் பின்னால வானத்தைப் பார்த்து வீசினாங்க. நல்லபடியாப் போய்ச் சேரட்டும்னு. பின்கண்ணாடியில பால் துளி விழுந்து வழிஞ்சது. அதைத் துடைக்க எனக்கு மனசே வரல. முந்தின ராத்திரி அவங்க பாலைக் கொட்டினவ நான்.

கல்தூண்:

பிடிக்கவில்லை என்றால் உதட்டில் தொட்டுவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உப்புத்தேநீர்:

இப்போ தெரியும் அண்ணா.

தெற்குக்காற்று:

ஓவூ சுத்தினோம், மூணு சுத்து, கல்லும் போட்டோம். நான் மட்டும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். இதை எழுதக் கூடாதுன்னு நினைச்சேன், கேட்டுட்டீங்க.

மறுகரை:

கல்தூண், நிக்கச் சொன்னேன். டிரைவர் நிறுத்தல. நிறுத்தினா நம்ம வண்டி மறுபடி கிளம்புமான்னு அவருக்கே நிச்சயமில்ல. பதினஞ்சு கிலோமீட்டர்ல ஒரு சும் ஊர், பங்க் இருந்துச்சு. அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு தனியா வாங்கிக்கிட்டு அவரைத் தேடித் திரும்பினோம். எல்லா மேடும் ஒரே மாதிரி. எங்க நின்னோம்னு டிரைவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இருட்டுற வரைக்கும் சுத்தினோம். ஒரு இடத்துல எங்க தண்ணி பாட்டில் மூடி மாதிரி நீல மூடி ஒண்ணு கிடந்துச்சு, எங்களோடதான்னு உறுதியாச் சொல்ல முடியல. கேனை டிரைவரே வச்சுக்கிட்டார்.