மறு: சமரசமா, பேரமா? ஸ்டூவர்ட் ஹாலின் இரண்டாவது ஆளுக்கு ஒரு சொல்

அனுப்பியது: ரோஸ் ஹில், மொரீஷியஸ்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஊடக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் சொல்லும் மூன்று வகைப் பார்வையாளர்களில் இரண்டாவது ஆள் செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நாலைந்து பரிந்துரைகள் வந்தன. எல்லாவற்றையும் சனிக்கிழமை வகுப்பில் பலகையில் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு, என் பங்குக்கு ஒன்றை வைக்கிறேன். தாராளமாக அடியுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு, ஒரு பாப் பாடலின் வீடியோவை ஊடகக் கோட்பாடுகளைக் கொண்டு பிரித்துப் பார்க்கச் சொல்லித் தருகிறேன். பாடல் ‘என்ஜாய் எஞ்சாமி’. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீயும் அறிவும் பாடி 2021 மார்ச்சில் வந்ததே, அதுதான். கோட்பாடுகளில் பாதி தமிழில் சிரமமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. சினிமா பெண்ணை ஆணின் கண்ணால் பார்க்கவைக்கிறது என்று லாரா மல்வி 1975இல் சொன்னதை ‘ஆண் பார்வை’ என்றால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. இசை வீடியோவைப் பற்றி 1992இல் எழுதிய ஆண்ட்ரூ குட்வின், படம் பாட்டின் வரியை அப்படியே காட்டலாம், கூட்டிக் காட்டலாம், வரிக்கு எதிராகவும் போகலாம் என்கிறார். காட்டல், கூட்டல், முரணல் என்று வைத்தேன். முதலிரண்டுக்கு எதுகை வேறு கிடைத்ததால் யாரும் சண்டை போடவில்லை.

இடறியது ஹாலிடம்தான். தயாரிப்பவர் நிகழ்ச்சியில் ஒரு பொருளை, அதாவது அர்த்தத்தை, ஏற்றி அனுப்புகிறார். பார்ப்பவர் அதை மூன்று விதமாக அவிழ்க்கலாம் என்று 1973இல் பர்மிங்ஹாமில் இருந்தபடி எழுதினார். முதல் ஆள் ஏற்றியதை ஏற்றியபடியே எடுத்துக்கொள்கிறார். மூன்றாவது ஆள் முழுதாக மறுத்து, எதிர்த்திசையில் பொருள் கொள்கிறார். நமக்குச் சொல் வேண்டியது நடுவில் இருக்கும் ஆளுக்கு.

> ‘சமரச வாசிப்பு’ போதும். எளிமை. (சென்னை)

சமரசம் என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இங்கே வீடியோ எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. அது யூடியூபில் அப்படியேதான் இருக்கிறது. ‘பேர வாசிப்பு’க்கும் அதே கதி: பேரம் பேச எதிரில் கடைக்காரர் வேண்டும். ‘இடைநிலை’ என்றால் அரை மனது, பாதித் தூரம் என்று ஆகிவிடுகிறது. ஹால் தரும் உதாரணத்தைப் பாருங்கள். நாட்டின் நலனுக்காகச் சம்பள உயர்வைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று தொலைக்காட்சி சொல்வதை ஒரு தொழிலாளி ஒப்புக்கொள்கிறார். அவரே தன் தொழிற்சாலையில் கூலி உயர்வுக்கு வேலைநிறுத்தம் செய்யவும் தயாராக இருக்கிறார். இது அரை மனதா? மேலே முழு ஆமாம், கீழே தன் இடத்தில் முழு இல்லை. ஹாலே கரும்புத் தீவான ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர்; இந்த மாதிரி ஆட்களை அவர் சின்ன வயதிலேயே பார்த்திருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம். (ஆதாரம் கேட்காதீர்கள்.)

என் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருக்கிறார். தைப்பூசக் காவடி முடிந்து, வாழையிலையில் ஏழு கறியும் ரஸோனும் (எங்கள் ஊர் ரசம்) சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது என் தங்கை மகள் இந்த வீடியோவைப் போட்டாள். அவள் முதல் ஆள். மண்ணும் குளமும் நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும்கூடச் சொந்தம் என்கிற இடத்தில் எழுந்து ஆடினாள். மாமா மூன்றாவது ஆள். “நிலமில்லாதவன் பாட்டை வைத்து யார் பணம் பண்றாங்க?” என்று ஆரம்பித்து, பாட்டு வந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லாமல் போனதற்குப் பா. ரஞ்சித் கேள்வி எழுப்பிய கதைவரைக்கும் போய்விட்டார்.

அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிளாக் பக்கம் இருபது வருஷம் கரும்பு வெட்டினவர். மரம் வளர்த்தும், தோட்டம் செழித்தும் தொண்டை நனையவில்லை என்று ஒப்பாரிச் சாயலில் ஒரு இடம் வருகிறதல்லவா, அங்கே வீடியோவை நிறுத்தச் சொன்னார். திரும்பப் போடச் சொன்னார். அப்புறம் சொன்னது இது (எங்கள் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் சொன்னார், தமிழ் என்னுடையது): “அது சத்தியம். எங்க அம்மாவும் அப்படித்தான் அழுவாங்க. ஆனா வயலுக்குப் போறவ இப்படியா உடுத்துவா? கரும்புச் சோகை கையைக் கிழிக்கும். முழுக்கைச் சட்டை, காலுக்குச் சாக்கு. அப்புறம், சாமின்னு நாங்க தோட்டத்துல யாரையும் கூப்பிட்டதில்ல. மிஸ்யேன்னுதான். சாமி கோவில்ல.”

‘எஞ்சாமி’யில் கூலிக்காரர் முதலாளியை விளிக்கும் சாமியும் இருக்கிறது, பிள்ளையைக் கொஞ்சும் சாமியும் இருக்கிறது. அம்மா இரண்டையும் தள்ளினார், ஆனால் அழுகையை எடுத்துக்கொண்டார். பாட்டின் பெரிய வழக்கை ஒப்புக்கொண்டு, தன் வயலுக்குப் பொருந்தாததை மட்டும் வெட்டி எறிந்தார். சமரசம் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

வகுப்புப் பிள்ளைகள் இதற்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்கள். க்ரியோலில் ‘மோ தாகோர், மே…’ என்பார்கள். ‘எனக்குச் சம்மதம்தான், ஆனா…’ என்று இழுப்பது. ஆகவே இது ‘தாகோர்-மே’. நல்ல சொல், தமிழ்தான் இல்லை.

நன்னூலைப் புரட்டினேன். நூலாசிரியருக்குரிய எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை) முதல் இரண்டும் உடன்படல், மறுத்தல். ஹாலின் முதல் ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. மூன்றாவதாக வரும் ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’ கிட்டத்தட்ட வந்து ஏமாற்றிவிட்டது. அது முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு முழுதாகத் தள்ளுவது, வாதத் தந்திரம். அம்மா தந்திரம் எதுவும் செய்யவில்லை.

இன்னொரு தொல்லை ‘வாசிப்பு’. வேறு எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், இசை வீடியோவில் வேண்டாம். ‘வாசிப்பு’ என்று எழுதினால் இங்கே பிள்ளைகள் ரவான் மேளத்தைத்தான் தேடுவார்கள்.

சரி, என் சொல்: ஒட்டிவெட்டல். ‘ஒட்டியும் வெட்டியும் பேசுதல்’ என்று பட்டிமன்றக்காரர்கள் சொல்வதிலிருந்து எடுத்தது. உடன்படல், ஒட்டிவெட்டல், மறுத்தல். என்ன சொல்கிறீர்கள்?

*

அனுப்பியது: சென்னை

ஐயா, கணினிக்காரன் என்கிற முறையில் ஒரு விண்ணப்பம். ஒட்டு, வெட்டு இரண்டும் எங்கள் பட்டியில் (மெனுவில்) பத்து வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கின்றன. ‘ஒட்டிவெட்டல்’ என்றால் பையன்கள் கண்ட்ரோல் எக்ஸில் விரலை வைப்பார்கள். தேர்வில் அடுத்தவன் விடையைப் பார்த்து எழுதுவதற்கும் இதே பெயர் வந்துவிடும். போதாததற்கு, தமிழ்நாட்டில் ‘வெட்டி’ என்றால் வேலையில்லாமல் சுற்றுவது.

உங்கள் அம்மாவைப் படித்த பிறகு சமரசத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

*

அனுப்பியது: டர்பன்

வணக்கம் அண்ணா. ‘உடன்மறுப்பு’ என்று சுருக்கலாமா என்று யோசித்தேன். என் கணவர் படித்துவிட்டு “உடனே மறுப்பதா?” என்றார். விட்டுவிட்டேன்.

ஒன்று கேட்கவேண்டும். உங்கள் அம்மா தள்ளியது துணியை, ‘சாமி’யை. அவை விதிக்கு விலக்குகள்தானே? விதியை அவர் தொடவில்லை. நாங்கள் இலக்கண வகுப்பில் பாதி நேரம் விதிவிலக்குகளோடுதான் மல்லுக்கட்டுகிறோம். சொல் அந்தப் பக்கம் இருக்கலாம்.

*

அனுப்பியது: ரோஸ் ஹில், மொரீஷியஸ்

தங்கச்சி, நீங்கள் சொன்னது சரியான இடத்தில் விழுந்தது. ஹால் கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இந்த இரண்டாவது நிலை விதிக்கு விலக்குகளை வைத்துக்கொண்டு இயங்குவது என்று அவரே எழுதியிருக்கிறார். பத்துத் தடவை படித்திருப்பேன். ‘விலக்கு’ என்ற தமிழ்ச் சொல் கண்ணில் படவே இல்லை. ஆங்கிலத்தில் படித்தால் இப்படித்தான்.

முதலில் ‘விலக்கேற்பு’ என்று கட்டினேன். வகுப்பில் வாயால் சொன்னதும் எல்லாரும் குத்துவிளக்கு ஏற்றக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் தீவில் லகரமும் ளகரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். திருத்த நான் முயன்றதில்லை. அதனால் திருப்பிப் போட்டேன்: ஏற்று விலக்கல். ‘விலகல்’ அல்ல, ஆள் ஒதுங்கிப் போவதில்லை. ஒரு பகுதியை அவரே எடுத்து ஒதுக்கி வைக்கிறார், அதனால் ‘விலக்கல்’தான். உடன்படல், ஏற்று விலக்கல், மறுத்தல். மூன்றும் தொழிற்பெயர், மூன்றையும் வாக்கியத்தில் ஓட்டலாம்: “அம்மா இந்த வீடியோவை ஏற்று, உடையை விலக்குகிறார்.” ‘சமரச வாசிப்பு’ என்றால் எதை விட்டார் என்று சொல்ல இடமே இருக்காது. இங்கே எதை என்று சொல்லாமல் வாக்கியம் முடியாது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

சென்னை நண்பர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஊரில் ‘டிகோடிங்’கைக் ‘குறிவிலக்கம்’ என்பார்கள், தெரியும். இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் குழப்பம்தான். நான் ‘பொருள் அவிழ்த்தல்’ என்று எழுதுகிறேன், உங்கள் சொல்லை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

நேற்று கட்டுரைகள் வந்தன. பத்தில் ஆறு பேர் புதுச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள், இரண்டு பேர் தப்பான இடத்தில். ஒரு பையன் பக்கம் முழுக்க ‘தாகோர்-மே’ என்றே எழுதி, கடைசி வரியில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘ஏற்று விலக்கல், சார் சொன்னது’ என்று போட்டிருக்கிறான். முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.