கேர்னலில் இன்லைன் அசெம்பிளி: ஜிசிசி ஏற்பதைப் பழைய கிளாங் மறுப்பது ஏன்?

கேள்வி (ஹட்டன்):
வணக்கம். மாணவர்கள் நால்வர் சேர்ந்து 64 பிட் எக்ஸ்86 கணினிக்கான சிறு கேர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒன்றை எழுதி வருகிறோம். நிரலுக்குள்ளேயே செயலியின் கட்டளைகளையும் (இன்லைன் அசெம்பிளி) எழுதியிருக்கிறோம். ஜிசிசி என்ற தொகுப்பியில் உகப்பாக்கமின்றி நன்றாக இயங்கும் நிரலைக் கிளாங் என்ற மற்றொரு தொகுப்பியின் பழைய பதிப்பில் தொகுத்தால், நினைவகத்திலுள்ள பிட் ஒன்றை 1 ஆக்கும் ‘பிடிஎஸ்’ கட்டளையில் பிழை காட்டுகிறது. ஜிசிசியிலேயே ‘ஓ2’ என்ற உகப்பாக்கத் தெரிவைக் கொடுத்தாலோ, நினைவகப் பகுதிகளின் விவர அட்டவணை எங்கே உள்ளது என்று செயலிக்குச் சொல்லும் ‘எல்ஜிடிடி’ கட்டளைக்குப் பின் இயந்திரம் மறுபடி தொடங்கிவிடுகிறது. தவறு எங்கே?

பதில் (பதுளை):
தம்பி, இவை இரண்டு வெவ்வேறு பிழைகள். முதலாவது, அசெம்பிளிக் கட்டளைகளை இயந்திர மொழியாக்கும் அசெம்பிளரைச் சார்ந்தது: ஜிசிசி அழைக்கும் குனு அசெம்பிளர், அளவு குறிப்பிடாத ‘பிடிஎஸ்’ஸை 32 பிட் என எடுத்துக்கொள்ளும், பழைய கிளாங் பதிப்புகளின் உள்ளமைந்த அசெம்பிளரோ ஊகிக்க மறுத்தது. ‘எல்’ (32 பிட்) அல்லது ‘கியூ’ (64 பிட்) என்ற பின்னொட்டைச் சேர்த்து எழுதுங்கள், இரண்டும் ஏற்கும். உள்ளமைந்த அசெம்பிளரை அணைக்கும் தெரிவும் உண்டு; ஆனால் அது நோயை மறைக்கும் மருந்து என்றே கருதுகிறேன்.

பதில் (பண்டாரவளை):
இரண்டாவதே ஆபத்தானது. அட்டவணை இருக்குமிடத்தைச் சொல்லும் மாறியின் முகவரியை மட்டும் ரெஜிஸ்டரில் (செயலியின் உள் சேமிப்பிடம்) கொடுத்து, அசெம்பிளி நினைவகத்தைத் தொடும் என்று தொகுப்பிக்குச் சொல்லும் ‘மெமரி’ என்ற குறிப்பை எழுதாமல் விட்டிருப்பீர்கள். அந்த முகவரியிலுள்ள தரவை அசெம்பிளி படிக்கும் என்பது தொகுப்பிக்குத் தெரியாததால், அதை நிரப்பும் வரிகளைத் தேவையற்றவை என்று அது நீக்கிவிடலாம். ‘வொலட்டைல்’ என்ற சொல் அசெம்பிளியைக் காக்குமே தவிர, அந்த வரிகளைக் காக்காது. அந்த மாறியையே, நினைவகத்திலுள்ள தரவு என்று குறிக்கும் ‘எம்’ கட்டுப்பாட்டுடன் உள்ளீடாகக் கொடுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. முகவரியைத்தான் கொடுத்திருந்தோம், ‘எம்’முக்கு மாற்றியதும் ‘ஓ2’விலும் இயங்குகிறது.